இப்போது ஓடாது

“மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க மேடம். ஒரு பிழைகூடக் குறிக்கலை. என்னதான் குறை?” என்று கேட்டார் திரவியம்.

“குறையே இல்லை சார். அதனாலதான் அனுப்பினேன்” என்றாள் ரிஹானா.

மழைமானிகள் அனுப்பும் எண்களை வாங்கி, படமாக வரைந்து காட்டும் மென்பொருள் ஒன்றைத் திரவியம் ஆறு வருடமாகச் செய்திருந்தார். விவசாயிகளுக்கு வானிலைச் செய்தி சொல்லும் ஓர் அலுவலகம் அதைக் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே ஐந்து புரோகிராமர்கள் அதை முயன்று பார்ப்பார்கள். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் வேறொன்றைத் தேடிப் போய்விடுவார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் முயலும்போது திரவியம் போனில் கேட்கலாம். பேசக் கூடாது.

ஆகவே பேச வேண்டியதையெல்லாம் அவர் ஒரு டுடோரியலாக எழுதினார். மொத்தம் பதினொரு படிகள். ஒவ்வொரு படியிலும் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ள ஒரு கட்டளை.

திரவியத்தின் அலுவலகத்தில் எந்த டுடோரியலும் ரிஹானா பார்க்காமல் வெளியே போகாது. அவள் திரவியத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எல்லாரும் அவளை டீச்சர் என்பார்கள், பாதி கேலியாக.

“இதைப் பார்த்துச் செஞ்சா தப்பே வராது மேடம். நாலு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டேன்.”

ரிஹானா பக்கத்து மேஜையைப் பார்த்தாள். அங்கே இணையப் பக்கங்கள் செய்யும் கோமளவல்லி உட்கார்ந்திருந்தாள்.

“கோமளா, பத்து நிமிஷம் வரியா?”

கோமளவல்லி வந்தாள். பதினொரு கட்டளைகளையும் ஒட்டினாள். ஆறு நிமிடத்தில் தென்காசி மழை திரையில் படமாக வந்தது.

திரவியம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“இப்ப ராதாபுரத்து மானியை வச்சுப் பாரு” என்றாள் ரிஹானா.

கோமளவல்லி ஊர்ப் பெயரை மாற்றினாள். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சார், எதையோ கெடுத்துட்டேன்.”

“ஒண்ணும் கெடலைம்மா. ஒவ்வொரு மானிக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. சிவப்புல கடைசி வரியிலேயே போட்டிருக்கே.”

“எந்த வரி சார்? நான் படிக்கலையே.”

“படிக்கலையா?”

“சிவப்பைப் பார்த்ததும் மனசு விட்டுப் போச்சு.”

திரவியம் தன் இடத்துக்குப் போனார். மறுநாள் மாலைக்குள், வரக்கூடிய பிழைகளையெல்லாம் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கை எழுதிச் சேர்த்தார். பத்தொன்பது எச்சரிக்கைகள்.

டுடோரியல் நான்காம் தடவையும் திரும்பி வந்தது.

“இப்ப என்ன?”

“இருபதாவது பிழை வந்தா?”

“வராது.”

“வந்தா?”

 திரவியம் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

“அப்ப நீங்களே எழுதுங்க, டீச்சர்.”

ரிஹானா பத்தொன்பது எச்சரிக்கைகளையும் அழித்தாள். ஐந்தாம் படியில் மானிக்குக் கடவுச்சொல் தர வேண்டும்; ஆறாம் படியில் மென்பொருளை ஓட்ட வேண்டும். அவள் ஐந்தைத் தூக்கி ஆறுக்குப் பின்னால் வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் இப்படித் தட்டினாள்:

‘இப்போது ஓட்டிப் பாருங்கள். ஓடாது. சிவப்பில் வரும் கடைசி வரியைப் படியுங்கள்.’

திரவியத்துக்கு முகம் மாறியது.

“ஆறு வருஷம் உழைச்சிருக்கேன் மேடம். அவங்க முதல்ல பார்க்கப்போறது அது ஓடாததையா?”

“ஆமா சார்.”

“மூடி வச்சிட்டுப் போயிடுவாங்க.”

“போகலாம்” என்றாள் ரிஹானா. “வேண்டாம்னா பழையதையே அனுப்புங்க. உங்க பேர்லதான் போகுது.”

திரவியம் அந்த வரிகளை இரண்டு முறை அழித்தார். இரண்டு முறையும் திரும்பப் போட்டார். வியாழக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, போன் திரவியத்துக்கும் ரிஹானாவுக்கும் நடுவே ஸ்பீக்கரில் மேஜைமேல் இருந்தது. அந்தப் பக்கம் ஐந்து பேரும் படிகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

“ஓடாதுன்னாரு, ஓடலை” என்றது ஒரு குரல்.

“சொன்ன சொல் தவறாத மனுஷன்” என்றது இன்னொன்று. எல்லாரும் சிரித்தார்கள்.

திரவியம் ரிஹானாவைப் பார்க்கவில்லை.

கடைசி வரியை யாரோ உரக்கப் படித்தார்கள். மானியின் கடவுச்சொல் இல்லை என்றிருந்தது. அடுத்த படியில் கடவுச்சொல்லைத் தந்து மறுபடி ஓட்டினார்கள். ஓடியது. பதினொன்றும் முடிந்தது.

“நம்ம மானியை வச்சுப் பார்ப்போமா?” என்றாள் ஒரு பெண்.

தட்டும் சத்தம் கேட்டது. சட்டென்று நின்றது.

“என்னடா இது, திரை முழுக்கச் சிவப்பு.”

“இது டுடோரியல்ல இல்லையே.”

திரவியம் தன் மென்பொருளில் அப்படி என்ன பிழை வர முடியும் என்று யோசித்தார். அவருக்கே தெரியவில்லை.

நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் வந்தது. யாரோ எழுந்துவிட்டார்கள்.

“இரு, மூடாத” என்றாள் அந்தப் பெண். “கடைசி வரியில என்ன போட்டிருக்கு?”