மேகத்துக்குக் குடை

கருவேலங்கோட்டை ஜமீன்தாருக்குப் புகழ்ப்பாட்டு கேட்கக் கொள்ளை ஆசை; பாடியவருக்குப் பரிசு கொடுக்க மட்டும் கை வராது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். சிங்கம் என்று பாடிய புலவரிடம், "எனக்கு வால் இருக்கிறதா?" என்றார். நிலவு என்றவரிடம் தொந்தியைத் தடவிக்கொண்டு, "தேய்ந்தா போய்விட்டேன்?" என்றார். இருவரும் வெறுங்கையோடு நடையைக் கட்டினார்கள்.

அன்றைக்கு வந்த வேலாண்டிப் புலவர், "வாரி வழங்கும் மேகமே" என்று பாடி முடித்தார்.

"சபையில் பொய் சொல்லக் கூடாது, ஓய்," என்று அதட்டினார் ஜமீன்தார். "நான் மேகம்தான் என்று இப்போதே நிரூபியும். இல்லாவிட்டால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிவிடுவேன்."

புலவர் தம் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஜமீன்தாருக்குப் பின்னால் பட்டுக்குடை பிடித்து நின்ற மாடக்கண்ணு மெல்லக் கனைத்தான்.

"புலவர் சொன்னது நிசந்தான், எசமான்."

"எப்படிடா?"

"இப்பத்தான் இடி இடிச்சுது. சனமெல்லாம் அண்ணாந்து பாக்குது. மழையைத்தான் இன்னும் காணோம்."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். ஜமீன்தாரின் முகம் கறுத்தது.

"பாருங்க, கறுக்கவும் செய்யுது," என்றான் மாடக்கண்ணு. "இனி கொட்டிரும்."

இத்தனை பேர் பார்த்திருக்க, கொட்டாமல் எப்படி இருப்பது? ஜமீன்தார் தம் சால்வையை எடுத்துப் புலவருக்குப் போர்த்தி, ஒரு வண்டி நெல்லும் கொடுக்கச் சொன்னார். பிறகு திரும்பி முறைத்தார்.

"மேகத்தைப் பற்றி உனக்கென்னடா தெரியும்?"

"இத்தனை வருசமா அது பக்கத்துலயே குடையோட நிக்கேன், எசமான். எம்மேல ஒரு சொட்டு விழுந்ததில்லை."