நாய்க்குச் சோறு வைத்த சாட்சி

இலங்கையில் மலை முழுக்கத் தேயிலை, தேயிலைக்கு மேலே பங்களா, பங்களாவுக்குள்ளே அதன் சொந்தக்கார வெள்ளைத் துரை. அங்கே வேலைக்காரி பவளாயி. பெண்களுக்கும் ஓட்டு வந்த வருஷம், பெயர் பதியும் அதிகாரி பங்களா வாசலில் மேஜை போட்டார். பவளாயி முதல் ஆளாகப் போய் நின்றாள்.

துரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பொம்பளைக்கு ஓட்டே அதிகம். இதுல கூலிக்காரிக்குமா? இந்தியாவுல இருந்து வந்தவங்க அஞ்சு வருஷம் விடாம இங்க இருந்திருக்கணும். இவ இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

பவளாயியிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. துரையின் காலடியில் கிடந்த கிழட்டு நாயைத் தடவிக்கொடுத்தாள்.

"பாவம், துரை சீமைக்குப் போனப்ப எத்தனை நாள் பட்டினி கிடந்துச்சோ!"

நாய் என்றால் துரைக்கு உயிர்.

"பட்டினியா? அஞ்சு வருஷத்துல ரெண்டு தடவை சீமைக்குப் போனேன், ஆறாறு மாசம். நான் இருந்தாலும் இல்லாட்டாலும், ஒருநாள்கூட நீ அதுக்குச் சோறு வைக்காம இருந்ததில்லையே!"

"துரையே சாட்சி" என்று அதிகாரி அவள் பெயரை எழுதிவிட்டார்.

துரையின் முகம் சிவந்தது. பவளாயி விடுவதாக இல்லை.

"ஐயா, துரை ஒரு வருஷம் இங்க இல்லையே. அவருக்கு ஓட்டு உண்டுங்களா?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். "அவருக்கு பங்களா இருக்கே. அது போதும்."

"சரிதானுங்க" என்றாள் பவளாயி. "பங்களாவுக்கு ஓட்டுக் கொடுக்கலாம். அதுவாவது ஊரை விட்டு நகராம இருந்துச்சு."