கன்னத்துக்கு ஓர் ஆள்

செண்பகமாறன் அரசாண்ட நாளில் எல்லைக் கோட்டைகளில் இருந்த இளைஞர்களுக்கு நில அளவை கற்பிக்க வேண்டியிருந்தது. வாத்தியாரை அங்கே அனுப்புவது வீண் என்றார் அமைச்சர் விழுப்பரையர். தலைநகரிலேயே ஒருவர் பாடத்தை ஓலையில் எழுதினார். இன்னொருவர் ஐயங்களுக்குப் பதில் எழுதினார். மூன்றாமவர் விடைகளைத் திருத்தினார். ஓலைகளை ஓட்டக்காரர்கள் சுமந்தார்கள். மாணவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

தேர்வில் அத்தனை பேரும் தோற்றார்கள்.

"பாடத்தில் குறையில்லை, மன்னா. பயல்கள்தான் மந்தம். வேலையைப் பறித்து, கொடுத்த நிலத்தையும் பிடுங்குவோம்" என்றார் விழுப்பரையர்.

அரசன் மழநாடனைப் பார்த்தான். அவையில் வாய்த்துடுக்குக்கென்றே சோறு தின்பவன் அவன்.

"நாளைக் காலை சொல்கிறேன், மன்னா."

மழநாடன் பாடம் எழுதியவரிடம் போனான். "எந்தக் கோலால் அளக்கச் சொன்னீர்?"

"பதினாறு சாண் கோல்."

அதே தெருவில் திருத்தியவர் வீடு. "பன்னிரண்டு சாண் கோல்தானே வழக்கம்!" என்றார் அவர்.

"பாடம் எழுதுகிறவரைத் தெரியுமா?"

"அவர் யார்?"

ஐயம் தீர்ப்பவரிடம் 'எந்தக் கோல்?' என்ற ஐயம் வந்திருந்தது. 'கோல் என் பொறுப்பில்லை' என்று எல்லோருக்கும் எழுதியிருந்தார். இத்தனை அறிவுக்கும் அரண்மனை நெல் அளந்து கொடுக்கிறதே என்று மழநாடனுக்கு வாய் கசந்தது.

மறுநாள் காலை அரசனை அழைத்துக்கொண்டு அமைச்சர் வீட்டுக்குப் போனான். விழுப்பரையர் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். ஒருவன் முகத்தில் நீர் தடவிவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் ஒரு திரை. அதன் கிழிசல் வழியாக ஒரு கை கத்தியோடு நீண்டது. வாசலில் நின்ற மற்றொருவன், "மேலே! இன்னும் மேலே!" என்று கூவினான்.

"இதென்னடா கூத்து?"

"உங்கள் ஏற்பாடுதான், ஐயா. முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் வீண் அல்லவா?" என்றான் நாவிதர்களை ஏவியிருந்த மழநாடன்.

கத்தி கன்னத்தை வழித்துக்கொண்டு இறங்கியது. விழுப்பரையர் துள்ளி எழுந்தார். வலது கன்னத்தில் இரத்தம்.

"முகத்தைப் பார்க்காமல் சிரைப்பானா ஒருவன்? வெட்டிவிட்டானே பாவி!"

"கத்தியில் குறையில்லை, ஐயா. கன்னம்தான் மந்தம்" என்ற மழநாடன், அரசன் பக்கம் திரும்பி இரண்டு கோல்களின் கதையையும் சொன்னான்.

அரசன் சிரிக்கவில்லை. "இளைஞர்களின் வேலையும் நிலமும் அவர்களுக்கே. பாடம் எழுதியவர், ஐயம் தீர்த்தவர், திருத்தியவர் மூவரும் இன்றே ஒரே வண்டியில் எல்லைக்குப் புறப்படட்டும். மாணவர்களோடு வயலில் இறங்கி அளக்கட்டும். விழுப்பரையரே, கோலைச் சுமந்துகொண்டு நீரும் போம்."

"இந்தக் கோலத்திலா, மன்னா?" விழுப்பரையர் தாடி மண்டிய இடது கன்னத்தைத் தடவினார். திரையை விலக்கி நாவிதனைக் கெஞ்சினார். "அப்பா, நீ பார்த்தே சிரை. இந்தப் பக்கத்தையும் முடித்துவிடு."

நாவிதன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

"அதற்கு வேறு ஆள், சாமி. எனக்கு வலது கன்னம் மட்டும்தான்."

அரசன் அப்போதுதான் சிரித்தான்.