ராணியின் தட்டில் வைத்த கொழுப்பு

நூல் மில் முதலாளி தர்மகண்ணுவுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சமையல்காரர் மாடசாமி கொழுப்பையெல்லாம் அரிந்து ஒதுக்கிவிட்டுக் கறி வைத்தார். அதுதான் வம்பாகிவிட்டது.

"கொலஸ்ட்ரால் கெடுதல்ங்கிறதே டாக்டருங்க கட்டிவிட்ட கதை" என்று முதலாளி இலையில் உட்கார்ந்தபடியே முழங்கினார். சோறு போடுகிறவரை யார் மறுப்பார்கள்? விருந்தாளிகள் தலையாட்டினார்கள். முதலாளி மாடசாமி பக்கம் திரும்பினார்.

"அது கெடுதல்தான்னு என் வாயாலயே சொல்ல வை, பாப்போம். முடியலைன்னா சாயங்காலமே மூட்டையைக் கட்டு."

"சரிங்க மொதலாளி" என்று மாடசாமி உள்ளே போனார். ஒதுக்கிய கொழுப்பை நெய்யில் வாட்டித் தட்டு நிறையக் கொண்டுவந்தார். முதலாளியின் செல்ல நாய் ராணியின் முன்னால் அதை வைக்கக் குனிந்தார்.

முதலாளி பதறி எழுந்தார். "ஏலே, அதைக் கொல்லப் பாக்கியா? அதுக்கு ரத்தத்துல கொழுப்பு கூடிப்போச்சு, ஒரு துண்டுகூடக் காட்டக் கூடாதுன்னு மாட்டு டாக்டர் சொன்னாருல்ல?"

"மறந்தே போச்சு மொதலாளி" என்றார் மாடசாமி. "மாட்டு டாக்டர் சொன்னா நெசம். மனுச டாக்டர் சொன்னாத்தான் கதை."

விருந்தாளிகள் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். மாடசாமி தட்டை நாயிடமிருந்து விலக்கி முதலாளி பக்கம் நீட்டினார்.

"அப்ப இதை உங்களுக்கு வச்சிரவா?"

முதலாளி தட்டைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்தக் கொழுப்பில்லாத கறியையே வை."