நீலப் பூவின் கோடுகளும் கோவைப்பழத்தின் நிறமும்

மலைச்சரிவில் ஒரு வழுக்குப் பாறை. குரங்குகளுக்கு அதில் சறுக்கி விளையாடுவதுதான் பொழுதுபோக்கே. அந்தக் கோடையில் பாறையடியில் நீலப் பூக்கள் படர்ந்து, சறுக்கி வருகிறவர்களின் காலைச் சுற்றின. "எல்லாத்தையும் பிடுங்கிப் போடுங்கடா" என்றான் தலைவன் கடுவன்.

கேட்டுக்கொண்டிருந்த தேனீ தங்கரத்தினத்துக்குப் பகீரென்றது. ஆள் மிளகளவு, பெயர்தான் நீளம். மழை வரும்வரை அவள் கூட்டுக்கு அந்தப் பூக்களை விட்டால் வேறு தேன் கிடையாது.

"வேணாம் அண்ணே! அழகைப் பாருங்க. நடுவுல கறுப்பு வட்டம், அதை நோக்கி வரிவரியாக் கோடு. கோலம் போட்ட மாதிரி இருக்கு."

கடுவன் ஒரு பூவைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோடா? வெறும் நீலம். யார் காதுல பூ சுத்துற?"

குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. தங்கரத்தினத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணெதிரே இருப்பதை எப்படித்தான் காட்டுவது?

கோவைப்பழம் தின்றுகொண்டிருந்த மந்தி ஒருத்தி, "பெரிய பார்வைக்காரி! இது என்ன நிறம், சொல்லு பாப்போம்" என்று பழத்தை நீட்டினாள்.

"கறுப்பு."

"செக்கச்செவேல்னு இருக்கு, கறுப்பாம்!" மறுபடியும் ஒரே சிரிப்பு.

தங்கரத்தினம் பழத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். எப்படிப் பார்த்தாலும் கறுப்புதான். ஆனால் இத்தனை பேரும் சேர்ந்தா பொய் சொல்வார்கள்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்தது.

"சரி, சிவப்புதான். எனக்குத் தெரியல, ஆனா நீங்க சொல்றதை நம்புறேன். பழத்தோட சிவப்பு எனக்குத் தெரியாத மாதிரி, பூவோட கோடு உங்களுக்குத் தெரியாம இருக்கலாமே?"

சிரிப்பு நின்றது. கடுவன் தலையைச் சொறிந்தான். "அதோ இன்னொருத்தி வர்றா. அவளைக் கேட்போம். நீ வாயைத் திறக்கக் கூடாது."

பறந்து வந்த தேனீயிடம் பூவை நீட்டி, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டான். அவளுக்கோ பசி. "இது ஒரு கேள்வியா? நடுவுல கறுப்பு வட்டம், அதுவரைக்கும் கோடு. நேரா தேனுக்கு வழி" என்று சொல்லிவிட்டுப் பூவுக்குள் தலையை விட்டாள்.

"அடடா, நம்ம காலடியில இவ்வளவு வேலைப்பாடா?" என்று வாய்பிளந்தான் கடுவன். குரங்குகள் சறுக்குவதைப் பாறையின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டன. தேனீக்கள் அன்று பூவுக்குப் பூ ரீங்காரமிட்டுக் கூத்தாடின.

நம் கண்ணில் படாததை இல்லை என்று சாதிக்காமல், அடுத்தவர் கண்ணையும் நம்புகிறவர்களுக்கே உலகம் முழுதாகத் தெரியும்.