காதடைத்த ராஜாவும் வீணைப் போட்டியும்

கித்தார் வாசிக்கிறவர்களில் யார் பெரியவர் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருத்தன் வேகம் என்கிறான். இன்னொருத்தன் விரல் என்கிறான். நெல்வாய்க்கோட்டையில் இதே சண்டை வீணைக்கு நடந்தது. அதைத் தீர்த்துவைத்த ராஜாவுக்கு அன்றைக்குக் காதே கேட்கவில்லை. அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

ராஜா பேர் பொன்னம்பல பூபதி. நல்ல மனுஷர்தான், கொஞ்சம் வீம்பு. தெப்பக்குளத்தில் யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று சிப்பாய்களோடு பந்தயம் போட்டார். ஜெயித்தும் விட்டார். ஆனால் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. வைத்தியர் மருந்தெண்ணெய் விட்டு, பஞ்சை வைத்துத் திணித்து, நாலு நாளைக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே வீணைப் போட்டி. ஜெயிக்கிறவருக்கு ஆஸ்தான வித்வான் பதவி. தளவாய் குழந்தைவேலு தன் மைத்துனன் பராங்குசத்தை இறக்கியிருந்தார். எதிரே கோமளவல்லி. வீணையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அவளை ஊரைவிட்டே கிளப்பத் தளவாய் ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார். தோற்றவர் அதற்கப்புறம் இந்தச் சீமையில் வீணையைத் தொடக் கூடாது. ராஜாவும் யோசிக்காமல் முத்திரை போட்டுவிட்டார்.

அக்கம்பக்கத்து ஜமீன்தார்கள் எல்லோரும் வந்து இறங்கியாயிற்று. தள்ளிப்போட வழியில்லை. ராஜா தன் அந்தரங்க மனிதர் மருதவாணரைத் தனியறைக்குக் கூப்பிட்டார்.

"ஓய், குளத்தில் முங்கிச் செவிடானேன் என்று தெரிந்தால் என் மானம் போகும். தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் அந்தப் பெண்ணின் பிழைப்புப் போகும். என்ன செய்ய?"

மருதவாணர் ராஜாவின் காதில் வாயை வைத்துக் கத்தினார். "தலைப்பாகையைக் காது மறைய இறக்கிக் கட்டுங்கள். தலையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள். மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்."

"அங்கே என்னத்தைப் பார்க்கிறது?"

"அது எனக்கே இன்னும் தெரியவில்லை, மகாராஜா."

சபை கூடியது. முதலில் பராங்குசம். அடேயப்பா, என்ன வேகம்! விரல் எது, கம்பி எது என்று தெரியவில்லை. தளவாயின் ஆட்கள் சபை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். "பலே, பலே" என்று தலையை ஆட்டித் தொடையைத் தட்டினார்கள். அதைப் பார்த்து ஜமீன்தார்களும் தட்டினார்கள். இத்தனை தலை ஆடுகிறதே, இவன்தான் பெரிய ஆள் போலிருக்கிறது என்று ராஜாவும் நினைத்துக்கொண்டார்.

அடுத்து கோமளவல்லி. நிதானமாகச் சுருதி சேர்த்தாள். நிதானமாகவே வாசித்தாள். ஒரு தலை ஆடவில்லை. ஒரு வாயிலிருந்தும் பலே வரவில்லை. பாவம், யாருக்கும் பிடிக்கவில்லை என்று ராஜாவுக்கு மனசு சங்கடப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இதென்னடா என்று திரும்பினார். பின்னால் விசிறிக்காரன் சுடலை, தூக்கின விசிறியைத் தூக்கினபடியே நின்றான். ராஜா கொலுவில் இருக்கும்போது விசிறி நின்றால் வேலை போய்விடும். அது அவனுக்கும் தெரியும். ராஜா முறைத்தார். சுடலை கண்ணில் அது படவே இல்லை.

காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது அல்லவா? ரகசியம் என்று நினைத்து ராஜா முழுத் தொண்டையில் கேட்டார். "என்ன ஓய், சுடலை நின்றுகொண்டே தூங்குகிறானா?"

சபை திடுக்கிட்டது. ஆனால் கோமளவல்லி வாசிப்பை விடவில்லை. இரண்டு மீட்டில் சபை திரும்ப அவளிடம் போய்விட்டது. மருதவாணர் சட்டென்று குனிந்து, ராஜாவின் காதோடு வாயை ஒட்டி, கையால் மறைத்துக்கொண்டு அடக்கிக் கத்தினார். "மகாராஜா, அவனை மட்டும் பார்க்காதீர்கள். எல்லோரையும் பாருங்கள்."

ராஜா பார்த்தார். வெற்றிலை மடிப்பவன் விரலில் சுண்ணாம்பு காய்ந்துபோயிருந்தது. தளவாய் ஒரு சிட்டிகை பொடி எடுத்தவர், மூக்குக்குக் கொண்டுபோகாமல் பாதி வழியிலேயே கையை வைத்திருந்தார்.

வாசிப்பு முடிந்தது. ராஜா எழுந்தார். "பதவி கோமளவல்லிக்கு."

தளவாய்க்கு அப்போதுதான் பொடி ஞாபகம் வந்தது. கோபத்தில் இழுத்துத் தும்மிவிட்டு முன்னால் வந்தார். "இதென்ன நியாயம்? பராங்குசத்துக்குச் சபையே தலையாட்டியது. இவளுக்கு ஒருத்தரும் ஆட்டவில்லையே." பேசிக்கொண்டே நிமிர்ந்தவர் கண்ணில் தலைப்பாகைக்குக் கீழே எட்டிப் பார்த்த பஞ்சு பட்டது. "ஓகோ, மகாராஜா காதில் பஞ்சு! ஒரு ஸ்வரம்கூடக் கேட்காமலா தீர்ப்பு?"

சபை கசமுசா என்றது. கோமளவல்லி வீணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராஜா ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

மருதவாணர் பதறவில்லை. "வாஸ்தவம்தான் தளவாயே, மகாராஜாவுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் ஊர்க் காதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். தலையை ஆட்டச் சொல்லி ஆட்ட வைக்கலாம். வேலை போகும் என்று தெரிந்தும் ஒருத்தன் கையை நிற்க வைக்க முடியுமா? அந்த அம்மாள் வாசித்தபோது சுடலையின் விசிறி நின்றுவிட்டது."

"நீர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்."

"அவனையே கேளுங்கள்."

தளவாய் சுடலையின் முன்னால் போய் நின்றார். "டேய், உண்மையைச் சொல். விசிறியை நிறுத்தச் சொல்லி உனக்குச் சொன்னது யார்?"

சுடலை விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

"எசமான், என் பிழைப்பில் மண்ணைப் போடாதீங்க. நான் எங்கே நிறுத்தினேன்? இம்மி நேரம் விடாமல் வீசிக்கிட்டுத்தானே இருந்தேன்!"

சபை கொல்லென்று சிரித்தது. பராங்குசமே சிரித்துவிட்டான். தளவாய் போய் உட்கார்ந்தார். மருதவாணர் சுடலை சொன்னதை ராஜாவின் காதில் எழுத்துக்கூட்டிக் கத்தினார். சபை சிரித்து ஓய்ந்த பிறகு ராஜா தனியாக ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அந்த நிபந்தனை ஓலையைக் கிழித்துப் போட்டார். கோமளவல்லிக்குக் கங்கணம் போட்டார். மருதவாணருக்கும் சுடலைக்கும் ஆளுக்கொரு பட்டுச் சால்வை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்.

"சுடலை, இனிமேல் அந்த அம்மாள் வாசிக்கிற அன்றைக்கு நீ உட்கார்ந்து கேள். விசிறியை இப்படிக் கொடு, நானே வீசிக்கொள்கிறேன்."