கொதிக்கிற மண்ணுல நின்ன தேனு

ஒரு ஊர்ல ஒரு அல்லி இருந்தாளாம். ஒம்பது வயசு. அவளுக்கு ஒரு தங்கச்சி, தேன்மொழி. நாலு வயசு வாலு. எல்லாருக்கும் அவ தேனுதான். ஒரு லீவுக்கு அப்பா, அம்மா, அல்லி, தேனு நாலு பேரும் ஏரோபிளேன் ஏறி, கடல் தாண்டி நியூசிலாந்துக்குப் போனாங்களாம்.

ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன். ஆங்.

அங்க ஒரு ஊரு. பூமிக்கு அடியில யாரோ பெரிய அடுப்பை மூட்டி விட்ட மாதிரி! ரோட்டோரத்துல புகை, வாய்க்கால்ல புகை. ஒரு குழியில சேறு கொதிக்குது, ப்ளக்... ப்ளக்... களி கிண்டுற மாதிரி. காத்துல அழுகின முட்டை நாத்தம். தேனு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, நீயா?"ன்னு கேட்டாளாம்.

அது மாவோரி ஜனங்களோட ஊரு. தலைமுறை தலைமுறையா அந்த ஆவியில சமைச்சு, அந்த வெந்நீர்ல குளிச்சு வாழறவங்க. அதுல மெரேன்னு ஒரு அம்மா, தாடையில அழகா பச்சை குத்தியிருப்பாங்க. அவங்கதான் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனாங்க. "பலகைப் பாதையை விட்டு இறங்கவே கூடாது. மேல பார்த்தா மண்ணு, கீழ கொதிக்கிற தண்ணி"ன்னாங்க. மேல இருக்கிறது அப்பளம் மாதிரி மெல்லிசுன்னு வெச்சுக்கோயேன்.

அதைக் கேட்டதுல இருந்து அல்லி தேனு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நடந்தா. பயத்துல உள்ளங்கையெல்லாம் வேர்வை.

அப்போ விஷ்ஷ்ஷ்னு ஒரு காத்து. தேனு தொப்பி பறந்துபோச்சு. "என் தொப்பி!"ன்னா தேனு. கை வழுக்குச்சு. பாதையோரம் கட்டியிருந்த கயித்துக்கு அடியில பூந்து ஓடிட்டா. அப்புறம் புஸ்ஸ்ஸ்னு ஆவி வந்து எல்லாத்தையும் மூடிருச்சு.

"தேனூ!"

அப்புறம் கயித்துக்கு அந்தப் பக்கம் இருந்து, "அக்கா, தொப்பி கிடைச்சிருச்சு!"

ஆவி விலகுச்சு. வெள்ளை மண்ணு மேல தேனு நிக்கறா. அவ முதுகுக்குப் பின்னாடியே அந்தச் சேத்துக் குழி. அப்பா "ஐயோ!"ன்னு கத்திக்கிட்டு கயித்தைத் தாண்டப் போனாரு. மெரேம்மா அவர் சட்டையைக் கொத்தா பிடிச்சு இழுத்தாங்க. "இறங்காதீங்க! மண்ணு அவ எடையைத் தாங்குது, உங்க எடைக்கு உடைஞ்சிரும். போன வழியிலயே அவளே திரும்பி வரணும்!" அம்மா அப்படியே பலகையில உக்காந்துட்டாங்க.

அப்பா போட்ட சத்தத்துல, திட்டறாரு போலன்னு தேனுவுக்கு மூஞ்சி கோணிருச்சு. பின்னாடி ஒரு எட்டு வெச்சா. ப்ளக்!

"தேனு! ஸ்டேச்சு!"ன்னு அலறினா அல்லி.

வீட்டு மாடிப்படியில தினமும் அக்காவும் தங்கச்சியும் விளையாடுற விளையாட்டு அது. ஸ்டேச்சுன்னா சிலையாயிரணும். தேனு தொப்பியைத் தூக்கின கையோட அப்படியே நின்னுட்டா.

ம்? முழிச்சுட்டுதானே இருக்கே?

அப்போ இன்னொரு ஆவி, இன்னும் கனமா. தேனு மறைஞ்சே போயிட்டா. "பேசிக்கிட்டே இரு"ன்னாங்க மெரேம்மா. அல்லியும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினா. "அசைஞ்சா அவுட்டு தேனு! மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது!"

உள்ள இருந்து சின்னக் குரல். "அக்கா, கால் சுடுது."

அல்லிக்கு உசிரே போயிருச்சு. "ஷூ கழட்டலையே?"

"ம்ஹூம்."

"சமத்து. நில்லு. அக்கா இங்கதான் இருக்கேன்."

அப்புறம் என்னாச்சு தெரியுமா? தூரத்துல ஒரு வெந்நீர் ஊத்து ஹோஓஓன்னு பனைமர உசரத்துக்குப் பீச்சியடிச்சுது! பலகையெல்லாம் தடதடதட. தேனு வீல்னு கத்திட்டா. ஆவி விலகிருச்சு, இப்பக் கூப்பிடணும். ஆனா அல்லிக்குக் குரலே வரல.

அப்போ மெரேம்மா நீளமா ஒரு குரல் குடுத்தாங்க. "ஹாயெரே மாஆஆய்..." அவங்க பாஷையில "வாங்க, வாங்க"ன்னு அர்த்தம். தேனு அழுகையை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தா. அல்லிக்கும் குரல் வந்துச்சு.

"ரிலீஸ், தேனு! உன் கால் தடம் தெரியுதா? அது மேலயே கால் வெச்சு வா. ஓடக் கூடாது."

ஒரு தடம். இன்னொரு தடம். சர்ரக்! மண்ணு கீறல் விட்டு, நூல் மாதிரி ஆவி ஸ்ஸ்ஸ்னு வருது. அல்லிக்கு அலறணும் போல இருந்துச்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டா. "அடுத்த தடம், தங்கம்." மெரேம்மா பலகை மேல குப்புறப் படுத்து, கையை நீட்டி, லபக்னு தேனுவை இழுத்துட்டாங்க!

அம்மா தேனுவைக் கட்டிக்கிட்டு அழறாங்க. அப்பா அவங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாரு. அல்லி மட்டும் தனியா நின்னா. மெரேம்மா கிட்ட வந்து, அவ மூக்கோட மூக்கு, நெத்தியோட நெத்தி வெச்சாங்க. அவங்க ஊர்ல அப்படித்தான், மூச்சைப் பங்கு போட்டுக்குவாங்களாம். அப்பதான் அல்லி ஓன்னு அழுதா.

அழுது முடிச்சு, "உங்களுக்கு இங்க பயமா இருக்காதா?"ன்னு கேட்டா.

"இருக்குமே! என் அஞ்சு பிள்ளைங்களையும் தினம் பயந்து பயந்துதான் வளர்த்தேன்."

"இப்பப் பயம் போயிருச்சா?"

"எங்க? இப்ப அதுங்களுக்கும் பிள்ளைங்க பொறந்திருச்சே!"ன்னு மெரேம்மா சிரிச்சாங்களாம். அல்லிக்கும் சிரிப்பு வந்துருச்சாம்.

அவ்வளவுதான். ஆவியும் அடங்கிருச்சு, கதையும் அடங்கிருச்சு. நீயும் கண்ணை மூடிக்கோ, கண்ணு.